என்பு மச்சை மாற்றுக்குப் பின் அடைபடும் நெஞ்சு: அன்ரிபொடி ஊசிப் பரிசோதனையில் சேருமுன்

சம்மாந்துறையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இது. 38 வயதுக் காக்காவுக்கு (அண்ணனுக்கு) இரத்தப் புற்றுநோய். இந்தியாவில் என்பு மச்சை மாற்று செய்து 16 மாதமாகிறது. செல் கொடுத்தவர் இந்தத் தங்கச்சி. நான்கு மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, வரட்டு இருமலும் உண்டு. "பி.ஓ.எஸ்." என்று சொல்லியிருக்கிறார்கள், அதாவது கொடுத்தவரின் செல்கள் தாக்கி நுரையீரலின் சிறு மூச்சுக் குழாய்கள் அடைபடும் நோய். எஃப்இவி-1 (முதல் செக்கனில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) இந்திய அறிக்கையில் 68 வீதம், இரண்டு மாதம் கழித்துக் கொழும்பில் 62 வீதம். வெளிநாட்டில் ஒரு அன்ரிபொடி (பிறபொருளெதிரி) ஊசியைப் பரிசோதிக்கிறார்களாம், அதில் சேர்க்கலாமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: "என்ட செல்தானே காக்காட நெஞ்ச அடைக்கிது?"

தங்கச்சி, அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். தாக்குவது உங்களிடமிருந்து போன செல்களின் வழிவந்த நோயெதிர்ப்புச் செல்கள் என்பது உண்மை. அதே செல்கள்தான் காக்காவின் உடம்பில் மிச்சமிருந்த புற்றுநோய்ச் செல்களைத் தேடி அழித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை விலக்கி வைக்க இன்றுவரை எந்த வைத்தியத்துக்கும் முழுமையாக முடியவில்லை. வேறொருவர் கொடுத்திருந்தாலும் இந்த ஆபத்து இருந்திருக்கும், உறவில்லாதவர் கொடுத்திருந்தால் பெரும்பாலும் கூடவே இருந்திருக்கும். அடுத்தவரிடம் செல் வாங்குவோரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இந்த நோய் வருகிறது. அதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை.

இனி எண்கள். 68, 62 என்ற வீதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். காக்கா ஒரு செக்கனில் ஊதித் தள்ளிய காற்றை, அவரது வயதும் உயரமும் உள்ள ஆரோக்கியமான ஒருவர் ஊதியிருக்க வேண்டிய காற்றால் வகுத்துத்தான் வீதம் வருகிறது. அந்த "ஊதியிருக்க வேண்டிய" அளவை ஒவ்வொரு ஆய்வுகூடமும் வேறு வேறு அட்டவணையிலிருந்து எடுக்கிறது. உங்கள் இரண்டு அறிக்கையிலும் லீற்றர் எண் இருக்கிறது. இந்தியாவில் 2.05, கொழும்பில் 2.00. குறைந்தது 50 மில்லிலீற்றர். ஒரே நாளில் ஒரே கருவியில் ஒருவர் ஊதும் இரண்டு நல்ல ஊதல்களுக்கிடையே 150 மில்லிலீற்றர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று சர்வதேச நெறிமுறையே ஏற்கிறது. ஆகவே இந்த இரண்டு மாதத்தில் காக்கா மோசமாகிவிட்டார் என்று சொல்ல இந்த எண்களில் ஆதாரமில்லை. ஆனால் மாற்றுக்கு முன் அவர் ஊதியது 3.10 லீற்றர். மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. கவலைப்பட வேண்டியது இந்த இழப்பைப் பற்றி.

அந்த 2.00 நம்பத்தக்கதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊதல் படத்தில் தொடக்கம் செங்குத்தாக எழ வேண்டும். தயங்கித் தயங்கி ஊதினால் எண் பொய்யாகிவிடும். முதல் செக்கனில் இருமினாலும், உதட்டோரம் காற்று கசிந்தாலும் அந்த ஊதலைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிலீற்றருக்குள் ஒத்துப்போக வேண்டும். முழுக் காற்றும் வெளியேறுமுன் ஊதுவதை நிறுத்திவிட்டால் மொத்தக் கொள்ளளவு குறைவாகப் பதிவாகும். அப்போது எஃப்இவி-1ஐ மொத்தத்தால் வகுத்த விகிதம் சாதாரணமாகத் தெரிந்து, அடைப்பே இல்லை என்ற முடிவுக்கு இட்டுச் செல்லும். இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு இது. சல்பியூட்டமோல் இன்ஹேலரை 4 மணிநேரம், நாளுக்கு இருவேளை எடுக்கும் நீண்டநேர இன்ஹேலரை 24 மணிநேரம் நிறுத்தியபின் ஊதினாரா, எடுத்துக்கொண்டு ஊதினாரா என்று அறிக்கையில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியில் 97, 98 காட்டுகிறது என்று ஆறுதல் அடைந்திருக்கிறீர்கள். இந்த நோயில் அந்த எண் வெகு காலத்துக்குக் கீழே இறங்காது. ஸ்டெதஸ்கோப்பில் மூச்சு தெளிவாகக் கேட்கும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். சி.ரி. ஸ்கேனும் மூச்சை உள்ளிழுத்துப் பிடித்த நிலையில் மட்டும் எடுத்திருந்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். மூச்சை முழுதாக வெளியே விட்ட நிலையிலும் ஒரு தொகுதி எடுக்க வேண்டும். அடைபட்ட இடங்களில் காற்று வெளியேறாமல் தேங்கி, அந்தப் பகுதி கறுப்பாகவும் நல்ல பகுதி சாம்பலாகவும் திட்டுத்திட்டாகத் தெரியும். ஸ்கேன் சீட்டில் இதைக் கேட்டு எழுதுவித்தால்தான் எடுப்பார்கள்.

சரி, உள்ளே நடப்பது என்ன? 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ள மூச்சுக் குழாய்களின் சுவரில் முதலில் அழற்சி, பிறகு வடு. உங்கள் ஊர் வயல் வாய்க்கால் போல நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து மண் வந்துகொண்டே இருக்கிறது, வாய்க்கால் தூர்கிறது. மண்ணைக் கொண்டுவருவது மக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு கூட்டம். சி.எஸ்.எஃப்.-1 என்ற சமிக்ஞைப் புரதம் இந்தச் செல்களின் மேலுள்ள ஏற்பியைத் தட்டும்போது அவை பெருகி, ரி.ஜி.எஃப். பீற்றா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது வடு நார் நெய்யும் செல்களை ஏவிவிடுகிறது. அக்சாடிலிமாப் என்ற அன்ரிபொடி அந்த ஏற்பியை மூடிவிடுகிறது. நீங்கள் கேள்விப்பட்டது இந்த மருந்தாகவோ இதே வழியில் வேலை செய்யும் இன்னொன்றாகவோ இருக்கலாம் என்பதால், இதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கவனிக்க வேண்டியது, மருந்து மண் வருவதை நிறுத்தும், ஏற்கெனவே தூர்ந்த இடத்தைத் தோண்டாது. 2.00 லீற்றர் மறுபடி 3.10 ஆகும் என்ற எண்ணத்தோடு எந்தப் பரிசோதனையிலும் சேர்க்காதீர்கள். 2.00 அடுத்த வருடமும் 2.00 ஆகவே நின்றால் அது பெரிய வெற்றி.

புது ஊசிக்கு முன், இப்போது கொடுக்கக்கூடியது எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா? வழக்கமான மூன்று மருந்துச் சேர்க்கையில் வளர்ந்தவருக்கு புளுட்டிகசோன் இன்ஹேலர் 440 மைக்ரோகிராம் நாளுக்கு இருமுறை, அசித்ரோமைசின் 250 மி.கி. கிழமைக்கு மூன்று நாள், மொண்டிலூகாஸ்ட் 10 மி.கி. இரவில். இவற்றோடு உடல் நிறையில் கிலோவுக்கு 1 மி.கி. பிரெட்னிசொலோனைத் தொடங்கி, கிழமைக்குக் கிழமை கிலோவுக்குக் கால் மி.கி. வீதம் வேகமாகக் குறைப்பார்கள். 36 பேரில் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் இந்தச் சிகிச்சை கைவிட்டது 6 வீதத்தினரை மட்டுமே. பழைய பதிவுகளிலிருந்து எதிர்பார்த்தது 40 வீதம்.

இந்த மருந்துச் சேர்க்கையில் இரண்டு பொறிகள் உண்டு. காக்கா பூஞ்சைத் தொற்றுக்கு வொரிகொனசோல் அல்லது பொசகொனசோல் எடுப்பவராயின், அவை ஈரலில் புளுட்டிகசோன் உடைவதைத் தடுக்கும். இன்ஹேலர் மருந்து இரத்தத்தில் தேங்கி, ஸ்டெரொயிட் மாத்திரை விழுங்கியதுபோல் முகம் வீங்கும், சீனி ஏறும், அட்ரினல் சுரப்பி உறங்கிப்போகும். பிறகு ஸ்டெரொயிட்டைத் திடீரென நிறுத்தினால் மயங்கி விழுவார். மருந்துப் பட்டியல் முழுவதையும் ஒரே தாளில் எழுதி, ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றது அசித்ரோமைசின். பிரான்சில் 480 பேரில் நடந்த பரிசோதனையில், இந்த நோய் வராமல் தடுக்கலாம் என்று மாற்று நேரத்திலிருந்தே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தோரில் மூன்றில் ஒருவர் அளவுக்குப் புற்றுநோய் திரும்பியது, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தோரில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே. ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கையும் விடுத்தது. அது நோய் வருமுன் கொடுத்தது பற்றியது. நோய் வந்தபின் பலர் இன்னும் கொடுக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கடந்தும் எஃப்இவி-1இன் சரிவு தணியாவிட்டால், இதைத் தொடரத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். பாதிப்பில்லாத எளிய மருந்து என்று எல்லோரும் நம்பிய ஒன்றின் ஆபத்து, சரியாகச் சோதித்தபோதுதான் வெளிப்பட்டது. பரிசோதனைகள் மேல் எனக்குள்ள மதிப்புக்கு இந்த ஒன்றே காரணமாகப் போதும்.

அடுத்ததாக, பத்திரிகைச் செய்திகளில் வரும் பெரிய வீதங்கள். கொடுத்தவரின் செல்கள் உடம்பைத் தாக்கும் நாட்பட்ட நோய்க்கு (பி.ஓ.எஸ். அதன் நுரையீரல் வடிவம்) ருக்ஸொலிடினிப் மாத்திரையைச் சோதித்த 2021 ஆய்வில் 329 பேர். 24ஆம் கிழமையில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குணம் தெரிந்தது, ஒப்பீட்டுக் குழுவில் கால்வாசிப் பேருக்கு. நல்ல மருந்துதான். ஆனால் நுரையீரலை மட்டும் தனியே எடுத்தால் குணம் தெரிந்தவர்கள் பத்து வீதத்தை எட்டவில்லை. பெலுமொசுடில் மாத்திரையில் மொத்தம் முக்கால்வாசி, நுரையீரலில் கால்வாசி. வாய்ப்புண்ணும் தோலும் ஆறினால் மொத்தக் கணக்கில் "குணம்" என்று ஏறிவிடும். அக்சாடிலிமாப்புக்குச் சொல்லப்படும் 74 வீதமும் இப்படியான மொத்தக் கணக்கே. ஆய்வுக் குழுவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நுரையீரலில் மட்டும் எத்தனை பேருக்கு?"

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: "மருந்து எடுக்காத ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா?" இந்த நோயின் இயல்பு அப்படி. கண்டுபிடிக்கும் காலத்தை ஒட்டிய ஆறு மாதத்தில் எஃப்இவி-1 மடமடவென்று விழும், அதன்பின் பலருக்குத் தானாகவே சரிவு தணிந்து சமதரையில் ஓடும். ஒருவர் முதல் ஆறு மாதத்தில் 450 மில்லிலீற்றர் இழந்து, பிறகு ஊசி தொடங்கி, அடுத்த ஆறு மாதத்தில் 60 மட்டும் இழந்தார் என்று வையுங்கள். ஊசி காப்பாற்றியது என்று எல்லோரும் சொல்வார்கள். ஊசி இல்லாமலும் அதே நடந்திருக்கலாம். எல்லோருக்கும் மருந்தையே கொடுத்து, "சரிவு நின்றது" என்று அறிவிக்கும் ஆய்வு இந்த நோயைப் பொறுத்தவரை பாதிப் பதில்தான். அக்சாடிலிமாப் 2024 ஓகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற உதவிய ஆய்வில் 241 பேரை மூன்று அளவுகளுக்குக் குலுக்கிப் பிரித்தார்கள், மருந்தில்லாத குழு இல்லை. அதிலும் கற்றுக்கொள்ள ஒன்று கிடைத்தது. மிகக் குறைந்த அளவில் 74 வீதம், அதைவிடக் கூட்டியபோது 67, மிகக் கூடிய அளவில் 50. கூட்டினால் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆகவே குலுக்கலில் மருந்தில்லாத வெறும் ஊசிப் பக்கம் விழுந்துவிடுவோமோ என்று பயந்து ஒப்பீட்டுக் குழுவுள்ள ஆய்வைத் தவிர்க்காதீர்கள். அந்தப் பக்கம் விழுந்தாலும் வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும், கையெழுத்திடும் தாளில் அது எழுதியிருக்க வேண்டும். மோசமானால் ஊசிப் பக்கம் மாற்றுவார்களா என்பதையும் அதிலேயே தேடுங்கள்.

ஊசியின் நடைமுறை இது. அனுமதி பெற்ற அளவு கிலோவுக்கு 0.3 மி.கி., உச்சம் 35 மி.கி., இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இரத்த நாளம் வழியே 30 நிமிடம் ஏற்றுவார்கள். 60 கிலோ நிறையுள்ளவருக்கு 18 மி.கி. நிறை 40 கிலோவுக்குக் கீழே என்றால் இந்த அனுமதிக்குள் வரமாட்டார். நோயால் மெலிந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்றிய சில நாளில் ஈரல் நொதிகள், தசை நொதி சி.கே., கணைய நொதி லைபேஸ் எல்லாம் உயர்ந்து வரும். பார்த்தவுடன் பதறுவார்கள். ஈரலிலுள்ள மக்ரோபேஜ் செல்கள்தான் வழக்கமாக இந்த நொதிகளை இரத்தத்திலிருந்து துப்புரவு செய்கின்றன. மருந்து அவற்றைக் குறைப்பதால் நொதி தேங்குகிறது, பெரும்பாலும் உறுப்பு சேதமாகவில்லை. ஆனால் பிலிரூபினும் சேர்ந்து உயர்ந்தாலோ வயிற்றுவலி, தசைவலி வந்தாலோ அந்த விளக்கத்தைச் சொல்லிச் சமாதானப்படக் கூடாது. கண்ணைச் சுற்றி வீக்கமும் வரலாம். ஊரில் வேறொரு வைத்தியரிடம் போக நேர்ந்தால் இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆய்வுக் குழு தரும் அவசர அட்டை காக்காவின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

தொற்று விஷயத்தில் நம் கிழக்கு மண்ணுக்கென்றே சில சங்கதிகள் உண்டு. வெளிநாட்டு ஆய்வுக் குழுவுக்கு இவை தோன்றாமல் போகலாம், நீங்களே சொல்லிவிடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறை வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் கிருமி வாழ்கிறது. பெரும்போகம் தொடங்கும் மாரி மழையில் கூடுதலாக வெளிப்படும். காலில் உள்ள சிறு வெடிப்பு போதும், மழைத் தூவானத்தோடு மூச்சிலும் போகலாம். ஸ்டெரொயிட்டால் சீனி ஏறியவருக்கு ஆபத்து பல மடங்கு. நெஞ்சில் வந்தால் பார்வைக்குச் சாதாரண நியுமோனியா அல்லது காசநோய். வழக்கமான முதல் மருந்துகள் பல இதில் வேலை செய்யா. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது இரண்டு கிழமை ஏற்றி, பிறகு கோட்ரிமொக்சசோலை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் இந்தக் கிருமியை சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ தள்ளிவிடும் பிழை நடப்பதுண்டு. காக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் இரத்த வளர்ப்புச் சோதனைக்குக் கொடுக்கும்போதே "வயலுள்ள ஊர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், மெலியோய்டோசிஸ் பாருங்கள்" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் சேற்றில் இறங்கவே கூடாது. நெல் ஆலைத் தவிட்டுத் தூசி, சூடடிக்கும் மெஷின் தூசி, உமி எரிக்கும் புகை, வீட்டில் நுளம்புச்சுருள், சாம்பிராணி எல்லாம் விலக்கு.

காசநோய்ச் சோதனையும் முன்கூட்டியே வேண்டும், கல்முனை மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் கேட்கலாம். ஸ்டெரொயிட் எடுப்பவருக்குத் தோல் சோதனை பொய்யாக "இல்லை" காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த நுரையீரல் நோய்க்கு முன்பு சோதித்துப் பார்த்த எட்டனர்செப்ட் போன்ற, ரி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் உயிரியல் மருந்துகளில் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்வது நன்கு தெரிந்த ஆபத்து. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி என்றால் ஹெபடைட்டிஸ் பி சோதனை இல்லாமல் முதல் துளியும் ஏற்றக் கூடாது. வெறுங்காலோடு வயலில் திரிந்து வளர்ந்தவருக்கு ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் புழுவும் பல வருடம் சத்தமில்லாமல் குடலில் இருக்கும், கூடிய ஸ்டெரொயிட்டில் அது உடலெங்கும் பரவி ஆளையே கொல்லும். மலச் சோதனை பலமுறை தவறவிடும். இரத்தச் சோதனையோ, வைத்தியர் விரும்பினால் புழு மருந்தான ஐவர்மெக்டினோ பற்றிப் பேசுங்கள்.

எங்கே பதிவு என்று பார்க்கும் வழி: இலங்கையில் நடக்கும் மருந்துப் பரிசோதனை எதுவானாலும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதியும் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும், இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் எண் இருக்கும். இந்தியாவுக்குத் தனிப் பதிவகம் உண்டு. பதிவெண்ணைக் கேளுங்கள், தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான ஆய்வில் சோதிக்கும் மருந்துக்குப் பணம் வாங்கமாட்டார்கள். "ஸ்டெம் செல் ஊசி, நெஞ்சைப் புதுப்பிக்கும், இத்தனை இலட்சம்" என்று வருபவர்களிடம் காணியை விற்றுக் கொடுத்துவிடாதீர்கள். சம்மதப் பத்திரம் தமிழில் தரக் கேட்பது உங்கள் உரிமை. பக்க விளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எந்த நேரமும் விலகலாமா என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 26 பயணம். கொழும்பில் ஒரு நிலையம் அமைந்தாலே, சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய் இரவு ரயில், அல்லது நேரே எட்டு மணிநேரத்துக்குக் குறையாத பஸ். நெரிசலில் பிடிக்கும் ஒரு சளிக்காய்ச்சல் அவருக்கு 200 மில்லிலீற்றரைப் பறித்துவிடக்கூடும். போக்குவரத்துப் பணமும் தங்குமிடமும் தருகிறார்களா, இடைப்பட்ட இரத்தச் சோதனைகளை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ செய்ய விடுவார்களா என்று சேருமுன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கிடையே வீட்டில் செய்ய ஒன்று இருக்கிறது. கையடக்க ஸ்பைரோமீற்றர் ஒன்று வாங்கி, கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில், கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்து மூன்று முறை ஊதி, மிகக் கூடிய எண்ணை லீற்றரில் கொப்பியில் எழுதுங்கள். பீக் ஃப்ளோ மீற்றர் போதாது, சிறு குழாய் அடைப்பு அதில் பிடிபடாது. வீட்டுக் கருவியின் எண் ஆசுப்பத்திரிக் கருவியிலிருந்து விலகியிருக்கும். அதனால் அதை அதனோடு மட்டும் ஒப்பிடுங்கள். வழக்கமான எண்ணிலிருந்து பத்திலொரு பங்கு குறைந்தால் இரண்டு நாளில் மறுபடி ஊதிப் பாருங்கள். அப்போதும் குறைவென்றால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். ஊசி தொடங்குவதாயின், தொடங்குமுன்னான மூன்று மாத எண்கள் அந்தக் கொப்பியில் இருக்க வேண்டும். சரிவு ஊசிக்கு முன்பே தணிந்துவிட்டதா, ஊசியால் தணிந்ததா என்று பிறகு பிரித்துச் சொல்ல உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் கொப்பி ஒன்றுதான். நாளைக்கே முதல் பக்கத்தில் 3.10, 2.05, 2.00 என்ற மூன்றையும் திகதியோடு, எந்தக் கருவியில் ஊதியது என்பதோடு எழுதி வையுங்கள்.